பார்வைக் குறைபாடுள்ள குழந்தைக்கு ஓவியமும் கைவினையும் கற்றுத்தருவது எப்படி?

களிமண் வகுப்பில் ஒரு பையன் பஸ் செய்து கொடுத்தான். இரண்டு படிக்கட்டு, செங்குத்தாக ஒரு கம்பி, அதற்கப்புறம் ஒரு சீட். அவ்வளவுதான். கூரையும் இல்லை, சக்கரமும் இல்லை. "சக்கரம் எங்கேடா?" என்று கேட்டேன். "நான் எப்ப சார் சக்கரத்தைத் தொட்டேன்?" என்றான். பிறவியிலேயே பார்வை இல்லாத பையன். கால் வைத்து ஏறும் படி, விழாமல் பிடித்துக்கொள்ளும் கம்பி, உட்காரும் சீட், இதுதான் அவனுக்குத் தெரிந்த பஸ். நான் மனசில் வைத்திருந்தது சாலையோரம் நின்று பார்ப்பவனின் பஸ். அவன் செய்தது பயணியின் பஸ்.

அன்றைக்குப் புரிந்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கண் கண்டதைக் கையால் நகலெடுக்கச் சொன்னால் இந்தப் பிள்ளைகள் எப்போதும் அரைகுறையாகத்தான் தெரிவார்கள். கை அறிந்ததைச் செய்யச் சொன்னால், முதல் நாளிலேயே அவர்களிடம் சொல்ல நிறைய இருக்கும். ஆசிரியர், பெற்றோர், விடுமுறை வகுப்பு எடுக்கும் தன்னார்வலர் யாராக இருந்தாலும், ஓவியத்தில் பெரிய தேர்ச்சி இல்லாவிட்டாலும், கீழே உள்ள படிகளைப் பின்பற்றலாம்.

ஆரம்பிக்கும் முன், ஒரு சந்தேகம்

"பார்க்கவே முடியாத குழந்தைக்குப் படம் எதற்கு?" என்று நேராகவே கேட்பவர்கள் உண்டு. 1930களில் வியன்னாவில் பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் பாடம் நடத்திய விக்டர் லோவன்ஃபெல்டு, அங்குள்ள பிள்ளைகளைக் களிமண்ணில் மனித முகங்கள் செய்ய வைத்தார். ஓரளவு பார்வை உள்ள பிள்ளைகளில்கூடச் சிலர் அதைப் பயன்படுத்தாமல் தொடுகையையே நம்பி வேலை செய்வதை அங்கே கவனித்தார். பிற்பாடு டொரன்டோ பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஜான் கென்னடி, பார்வையற்றவர்களிடம் மேடு எழும்பும் கோட்டுத் தாளைக் கொடுத்து வரையச் சொன்னார். அதற்குமுன் படமே வரைந்திராதவர்கள்கூட, மற்றவர்கள் பார்த்ததும் புரிந்துகொள்ளும்படி வரைந்தார்கள். துருக்கியில் 1953இல் பார்வையின்றிப் பிறந்த எஷ்ரெஃப் அர்மகான் விரலால் அக்ரிலிக் வண்ணம் தீட்டும் ஓவியர். அவருடைய வேலைமுறையில் நமக்குப் பயன்படும் விஷயம் ஒன்று உண்டு, வண்ணப் பகுதியில் சொல்கிறேன்.

ஒரு பொருளுக்கு விளிம்பு உண்டு, அந்த விளிம்பைக் கோடாக்கலாம் என்பது கண்ணுக்கு மட்டும் சொந்தமான அறிவு இல்லை. மேஜையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போகிற குழந்தைக்கும் அது தெரியும்.

படி 1: குழந்தைக்கு என்ன தெரிகிறது என்று கேளுங்கள்

பார்வைக் குறைபாடு என்றதும் முழு இருட்டைக் கற்பனை செய்துவிடுகிறோம். உண்மையில் பெரும்பாலானவர்களுக்கு வெளிச்சமோ நிழலோ நிறமோ ஏதோ கொஞ்சம் தெரியும். மருத்துவச் சான்றில் 6/60 என்று இருந்தால், மற்றவர்கள் 60 மீட்டரில் பார்த்துவிடுவதை இந்தக் குழந்தை 6 மீட்டருக்குள் வந்தால்தான் பார்க்கும் என்று பொருள். ஆனால் அந்த எண்ணை வைத்து வகுப்பு நடத்த முடியாது. எப்படித் தெரிகிறது என்பதுதான் வேண்டும்.

நடுப்பார்வை போன குழந்தை தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்க்கும். "நேராப் பாரு" என்று தலையைத் திருப்பிவிடாதீர்கள், தெரிவதும் தெரியாமல் போய்விடும். ஓரப்பார்வை சுருங்கிய குழந்தைக்குக் குழாய்க்குள் பார்ப்பது போல இருக்கும். அதற்குப் பெரிய தாளைவிடச் சின்னத் தாள்தான் நல்லது, ஒரே பார்வையில் முழுப் படமும் அடங்கும். தோலுக்கும் கண்ணுக்கும் நிறம் தரும் மெலனின் குறைவான குழந்தைகளுக்கு வெளிச்சம் கண்ணைக் கூசும், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். கண் நன்றாக இருந்தும் மூளை அதைப் புரிந்துகொள்ளத் தடுமாறும் வகையும் உண்டு. அப்படிப்பட்ட குழந்தைக்கு நெரிசலான படமும் பூப்போட்ட மேஜைவிரிப்பும் எதிரிகள். வெற்றுப் பின்னணியில் ஒரே பொருள், பளிச்சென்ற ஒரே நிறம், பார்ப்பதற்குக் கூடுதல் நேரம், இவை போதும்.

பெற்றோரிடம் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். பார்வை எப்போதிருந்து குறைந்தது? நிறம் தெரியுமா? தினமும் ஒரே மாதிரி இருக்கிறதா, மாறுகிறதா? தொட்டால் பிடிக்காத பொருள் ஏதும் உண்டா? ஒவ்வாமை உண்டா? ஐந்தாறு வயது வரை பார்த்துப் பிறகு பார்வை இழந்த குழந்தைக்கு நிறமும் முகங்களும் ஞாபகத்தில் இருக்கலாம். பிறவியிலேயே இல்லாத குழந்தைக்கு அந்த ஞாபகமே கிடையாது. இருவருக்கும் ஒரே பாடத்தை ஒரே சொற்களில் நடத்த முடியாது.

அப்புறம், கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் வரைந்து பார்த்துவிட்டு "ஐயோ, எவ்வளவு கஷ்டம்" என்று முடிவுக்கு வரும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். திடீரென்று கண்ணைக் கட்டினால் எப்படியிருக்கும் என்பதைத்தான் அந்தச் சோதனை சொல்லும். எட்டு வருடமாகக் கையாலும் காதாலும் உலகத்தைப் படித்த குழந்தையின் திறமையைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது.

படி 2: மேஜையை அமையுங்கள்

ஒரு விளிம்புள்ள டிரே போதும், பாதி வேலை முடிந்தது. உருண்டு ஓடும் கிரேயான், கைதட்டிக் கீழே விழும் கத்தரிக்கோல், எங்கே முடிகிறதென்று தெரியாத மேஜை எல்லாம் அந்த விளிம்புக்குள் அடங்கிவிடும். டிரேயின் அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு. தாளின் நான்கு மூலையையும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், ஒரு கையால் தாளைப் பிடித்துக்கொண்டே இருந்தால் தேடுவதற்குக் கை மிஞ்சாது.

பொருள்களுக்கு இடம் நிரந்தரம். பசை இடப்பக்கம் மேலே என்றால் வருடம் முழுக்க அங்கேதான். தண்ணீர் வைக்கும் பாத்திரம் அடிப்பக்கம் கனமாக, கவிழாததாக இருக்கட்டும். நீங்கள் எதையாவது எடுத்தால் வாயால் சொல்லிவிட்டு எடுங்கள், திருப்பி வைக்கும்போதும் சொல்லுங்கள். இதில்தான் பலரும் சறுக்குகிறோம். நல்லெண்ணத்தோடு மேஜையை ஒழுங்கு பண்ணுகிறோம், குழந்தைக்கோ அவன் ஊரையே யாரோ இடம் மாற்றி வைத்தது போல ஆகிவிடும்.

குறைபார்வை உள்ளவர்களுக்குக் கருப்பு டிரேயில் வெள்ளைத் தாள், வெள்ளைக் களிமண்ணுக்குக் கருந்துணி என்று எதிரெதிர் நிறம் வையுங்கள். மேஜை விளக்கு பக்கவாட்டிலிருந்து விழட்டும். பளபளக்கும் தாள் வேண்டாம்.

படி 3: பொருள்களைச் சேருங்கள்

கடைக்குப் போகும் முன் வீட்டைச் சுற்றிப் பாருங்கள், முக்கால்வாசி கிடைத்துவிடும்:

- உப்புத்தாள், பஞ்சு, வெல்வெட், சணல், கம்பளி நூல், வரிவரியான பெட்டி அட்டை, மரப்பட்டை, பட்டன், இறகு
- களிமண்ணும், காய்ந்து போகாத விளையாட்டு மாவும்
- ஜன்னலுக்குப் போடும் கம்பி அல்லது நைலான் வலை, அதை ஒட்ட ஒரு கெட்டி அட்டை
- தையல்காரர்கள் துணியில் குறி போட ஓட்டும் பல்சக்கரம்
- முனை குறுகலான பாட்டிலில் வெள்ளைப் பசை
- மெழுகு கிரேயான், கெட்டியான வண்ணம், மணல், மரத்தூள்
- மெழுகு தோய்த்த நூல் கிடைத்தால் நல்லது. அழுத்தினால் தாளில் ஒட்டும், இழுத்தால் வந்துவிடும், தப்பாக வைத்ததை மாற்றி வைக்கலாம்

வலை அட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வலையை அட்டைமேல் இழுத்து ஒட்டி, ஓரம் முழுக்கக் கெட்டியான டேப்பால் மூடிவிடுங்கள், கம்பி முனை விரலைக் கீறக்கூடாது. அதன்மேல் சாதாரணத் தாளை வைத்துக் கிரேயானால் அழுத்தி வரைந்தால், கோடு போன இடமெல்லாம் மெழுகு புள்ளிப் புள்ளியாக ஏறிச் சொரசொரக்கும். குழந்தை வரைந்ததைக் குழந்தையே அந்தக் கணமே தடவிப் பார்க்கலாம். விலை கொடுத்து வாங்கும் கருவிகள் உண்டு. ரப்பர் பலகைமேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்துப் பேனாவால் கீறினால் கோடு மேலெழும்பும். கருப்பு மையில் வரைந்து வெப்பக் கருவிக்குள் விட்டால் மை பட்ட இடம் மட்டும் புடைக்கும் தாளும் இருக்கிறது. முதல் வருடத்துக்கு வலை அட்டை போதும். என்னிடம் எல்லாமே இருக்கிறது, பிள்ளைகள் கேட்டு வாங்குவது வலை அட்டையைத்தான்.

படி 4: உங்கள் கை எங்கே இருக்க வேண்டும்

இந்தப் படியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

குழந்தையின் கையை மேலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கோடு போட வைப்பது நம் எல்லோருக்கும் இயல்பாக வரும். அதைச் செய்யாதீர்கள். அந்தக் கோடு உங்களுடையது. மேலும், பார்வை இல்லாத குழந்தைக்குக் கைதான் கண். அதைக் கேட்காமல் பிடித்து இழுப்பது, தலையைப் பிடித்துத் திருப்பி "இதைப் பார்" என்பதற்குச் சமம். அப்படி அடிக்கடி இழுக்கப்பட்ட பிள்ளைகள் கையை மடக்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். அப்புறம் அந்தக் கையை மேஜைக்குக் கொண்டுவர மாதக்கணக்கில் ஆகும்.

அதற்குப் பதிலாக உங்கள் கையைக் கீழே வையுங்கள். "என் கைமேல் உன் கையை வைக்கிறாயா?" என்று கேளுங்கள். நீங்கள் களிமண்ணை உருட்டுங்கள், உங்கள் விரல் எப்படி மடங்குகிறது, எவ்வளவு அழுத்துகிறது என்பதை உங்கள் கைமேல் சவாரி செய்தபடி குழந்தை தெரிந்துகொள்ளும். பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம், அந்தச் சுதந்திரம் அதனிடமே இருக்கிறது. தெரிந்துகொண்டதும் உங்கள் கையை மெல்ல உருவிவிடுங்கள்.

பேச்சிலும் இதே கவனம் வேண்டும். "இங்கே", "அங்கே", "இப்படி" என்பவை இந்த வகுப்பில் செல்லாத காசு. "தாளின் மேல் விளிம்பிலிருந்து நான்கு விரற்கடை கீழே", "உன் இடது கட்டைவிரல் பக்கம்" என்று சொல்லிப் பழகுங்கள். கடிகார முள் தெரிந்த குழந்தையென்றால் "பன்னிரண்டு மணிப் பக்கம்", "மூன்று மணிப் பக்கம்" என்பது இன்னும் சுலபம். "பார்" என்ற சொல்லைத் தவிர்க்கத் தேவையில்லை. தொட்டுப் பார், கேட்டுப் பார், செய்து பார் என்று நம் மொழியே தாராளமாக வழி விட்டிருக்கிறது. பிள்ளைகளும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

படி 5: முதல் வகுப்பில் எதையும் செய்யாதீர்கள்

முதல் நாள் தொடுவது மட்டும். ஒரு பையில் நான்கைந்து பொருள் போட்டு, ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லுங்கள். "இது என்ன?" என்று பரீட்சை வைக்காமல் "இது எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். சொரசொர, வழவழ, கொழகொழ, பிசுபிசு, மொறுமொறு, நெறுநெறு, இந்த இரட்டைக்கிளவிகள் எல்லாம் இங்கேதான் உயிரோடு நடமாடுகின்றன. ஒரு சிறுமி உப்புத்தாளைத் தடவிவிட்டு "அப்பா ஷேவ் பண்ணாத அன்னைக்கு" என்றாள். வகுப்பில் அதற்கு அதுவே பெயராகிவிட்டது.

தொடும் முறையையும் கற்றுத்தர வேண்டும், அது தானாக வருவதில்லை. கண் முதலில் முழுதாகப் பார்த்துவிட்டுப் பிறகு பகுதிக்குப் போகும். கை ஒவ்வொரு பகுதியாகப் பொறுக்கி முழுமையைக் கட்டும். அதனால் முதலில் இரண்டு உள்ளங்கையாலும் பொருளை அணைத்து அளவைப் பிடிக்கட்டும், பிறகு விளிம்பைச் சுற்றி வரட்டும், கடைசியில் விரல்நுனியால் நுணுக்கம் பார்க்கட்டும். தாளில் உள்ள படமென்றால் ஒரு கை ஓரிடத்தில் நங்கூரமாக நிற்க, மறு கை பயணம் போகட்டும். நேரம் கொடுங்கள். நாம் ஒரு விநாடியில் பார்ப்பதைக் கை பார்க்க ஒரு நிமிடம் ஆகலாம்.

சில குழந்தைகளுக்கு ஈரமும் பிசுபிசுப்பும் சுத்தமாக ஆகாது. கையை உதறுவார்கள், அழுவார்கள். கட்டாயப்படுத்தாதீர்கள். வண்ணத்தை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் ஊற்றி மூடி வெளியிலிருந்து அழுத்தச் சொல்லலாம். அடுத்த வாரம் கரண்டியால், அதற்கடுத்த வாரம் ஒரு விரல்நுனியால். கை துடைக்க ஈரத்துணி எப்போதும் பக்கத்தில் இருப்பது தெரிந்தாலே பாதிப் பேர் துணிந்து விடுவார்கள்.

படி 6: களிமண்ணில் தொடங்குங்கள்

தாளுக்குப் போகுமுன் களிமண். காரணம் எளிது, களிமண்ணில் எந்த மொழிபெயர்ப்பும் வேண்டாம். உருண்டையான பழம் களிமண்ணிலும் உருண்டைதான். தாளிலோ அது ஒரு வட்டமாகத் தட்டையாக வேண்டும், அது வேறு வித்தை.

உருட்டுதல், தட்டுதல், கிள்ளுதல், கயிறு திரித்தல், குழித்தல் என்ற ஐந்து அசைவையும் இரண்டு வகுப்பில் பழக்குங்கள். பிறகு கயிறு திரித்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி ஒரு கிண்ணம். சுற்று ஏற ஏற உள்ளங்கையில் கிண்ணம் வளர்வதைக் குழந்தை உணரும். ஒட்டும் இடத்தைக் குச்சியால் கீறி, தண்ணீரில் குழைத்த களிமண்ணைத் தடவிச் சேர்த்தால் காய்ந்த பின் பிரியாது. இதைச் சொல்லித்தராமல் விட்டு, அடுத்த வாரம் கைப்பிடி தனியாகக் கழன்ற கோப்பையோடு ஒரு குழந்தையைச் சமாதானப்படுத்திய அனுபவம் எனக்கு உண்டு.

முகம் செய்வதற்கு மாடல் பொம்மை வேண்டாம். அவரவர் முகமே இருக்கிறது. ஒரு கை மூக்கில், ஒரு கை களிமண்ணில். கண்குழி உள்ளே போகிறது, கன்னம் வெளியே வருகிறது, உதட்டுக்கு நடுவில் ஒரு பள்ளம். கொட்டாவி விடச் சொல்லுங்கள், சிரிக்கச் சொல்லுங்கள், எது மாறியது என்று தொட்டுச் சொல்லட்டும். வாயைப் பெரிதாகவும் கண்ணைச் சின்னதாகவும் சில பிள்ளைகள் வைப்பார்கள். திருத்தாதீர்கள். கத்துகிற முகத்தில் வாய்தான் பெரிது.

பிளாஸ்டிக் யானை பொம்மையைத் தொட்ட குழந்தைக்கு யானை உள்ளங்கை அளவு, வழவழப்பானது என்றுதான் தெரியும். பொம்மையைக் கொடுத்தால் அளவைச் சொல்லுங்கள்: "இதன் கால் மட்டும் உன் இடுப்பைவிடத் தடி." முடிந்தவரை நிஜப் பொருளைத் தொட வாய்ப்பு ஏற்படுத்துங்கள். அந்தப் பஸ் பையனுக்குப் பிற்பாடு நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கக் கிடைத்தது. அடுத்த பஸ்ஸில் சக்கரம் வைத்தான், படிக்கட்டைவிடப் பெரிதாக. அவன் நெஞ்சளவுக்கு இருந்ததாம்.

படி 7: கோடு

இனி வலை அட்டை. முதலில் கிறுக்கட்டும். பார்வையுள்ள குழந்தைகள் இரண்டு வயதிலிருந்து சுவரெல்லாம் கிறுக்கித் தீர்த்ததை இந்தக் குழந்தை எட்டு வயதில் தொடங்குகிறது. கிறுக்கலுக்கு ஒரு மாதம் கொடுத்தாலும் தகும். வேகமாக, மெதுவாக, குதித்துக் குதித்து, சுழன்று சுழன்று, பாட்டுக்கு ஏற்ப என்று போகட்டும். ஒவ்வொன்றுக்கும் பிறகு தடவிப் பார்த்து எது எதுவென்று சொல்லட்டும்.

அப்புறம் பொருளிலிருந்து கோட்டுக்கு வரும் பாலம். நான் செய்வது இது: ஒரு தட்டையான இலையைக் கொடுத்து விளிம்பைத் தடவச் சொல்வேன். அதே இலையைத் தாளில் வைத்து, சுற்றிலும் மெழுகு நூலைப் பதிக்கச் சொல்வேன். இலையை எடுத்துவிட்டால் நூல் மட்டும் நிற்கும். "இலை எங்கே போச்சு?" என்று கேட்டால் சிரிப்பார்கள். நூலுக்குள் இருக்கும் வெற்றிடத்தில் இலையைத் திரும்பப் பொருத்தி, எடுத்து, பொருத்தி விளையாடுவார்கள். அதற்குப் பிறகு நூல் இல்லாமல் கிரேயானால் இலையைச் சுற்றி வரைவது, கடைசியில் இலையே இல்லாமல் ஞாபகத்திலிருந்து வரைவது. கை, கரண்டி, சாவி, கப் என்று பத்துப் பொருளை இப்படித் தாண்டி வந்துவிட்டால் கோடு என்ற யோசனை பிடிபட்டுவிடும்.

கப்பில் ஒரு சிக்கல் வரும், வரட்டும். மேலிருந்து தொட்டால் வட்டம், பக்கத்திலிருந்து தொட்டால் கிட்டத்தட்டச் செவ்வகம். எதை வரைவது? சில குழந்தைகள் இரண்டையும் சேர்த்து, செவ்வகத்தின் தலையில் முழு வட்டத்தை வைத்து வரைவார்கள். மேஜை வரைந்தால் நான்கு காலும் நான்கு திசையில் விரிந்து கிடக்கும். இவை தவறில்லை, நேர்மையான விடைகள். பத்துப் பன்னிரண்டு வயதில், "தூரத்தில் உள்ளதைப் பார்க்கிறவர்கள் சின்னதாக வரைவார்கள்" என்பதைத் தகவலாகச் சொல்லலாம். தூரப் போகப்போகக் குரல் சன்னமாவதை ஒப்பிட்டால் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள். ஆனால் அதை அவர்களும் பின்பற்ற வேண்டும் என்று அடம் பிடிக்க வேண்டாம்.

நீங்கள் குழந்தைக்காகத் தொடுபடம் தயாரித்தால் ஒரு அளவு ஞாபகம் இருக்கட்டும். பிரெய்ல் எழுத்தில் புள்ளிக்குப் புள்ளி சுமார் 2.5 மில்லிமீட்டர், விரல்நுனி பிரித்தறியும் எல்லை அதையொட்டித்தான் இருக்கிறது. ஆகவே இரண்டு கோட்டுக்கு இடையே குறைந்தது 3 மில்லிமீட்டர், புதிதாகத் தொடங்கும் குழந்தைக்கு அதைப்போல இரு மடங்கு. பல்சக்கரத்தைத் தாளின் பின்புறம் ஓட்டினால் முன்புறம் புள்ளிக்கோடு எழும். பின்னாலிருந்து ஓட்டுவதால் இடம் வலமாகும், மறந்துவிட்டு எழுத்துகளை இடவலம் மாற்றிச் செய்யாதவர் எவரும் இல்லை. பாடப்புத்தகப் படத்தை அப்படியே மேடாக்குவதும் வேண்டாம். நிழல், பின்னணி மரம், மேகம் எல்லாம் விரலுக்கு வெறும் இரைச்சல். மூன்று கோட்டில் முடியுமா என்று பாருங்கள்.

படி 8: கிழித்தல், வெட்டுதல், ஒட்டுதல்

வினோத் பிஹாரி முகர்ஜி பிறந்ததிலிருந்தே பார்வைக் குறைவோடு வாழ்ந்த ஓவியர். 1950களில் மீதமிருந்த பார்வையும் போனது. அதன் பிறகும் அவர் நிறுத்தவில்லை, வண்ணத்தாளை வெட்டி ஒட்டிப் படம் செய்தார், 1972இல் ஓடுகளால் ஒரு பெரிய சுவரோவியமே செய்து முடித்தார். தாளை வெட்டும்போது வடிவம் கைக்குள்ளேயே இருக்கிறது, விளிம்பு விரலுக்குத் தெரிகிறது. ஒட்டுப்படத்தின் பலம் அதுதான்.

கத்தரிக்கோலுக்கு முன்னால் கிழிக்கப் பழக்குங்கள். தாளை மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தி, அதன் வழியே கிழித்தால் நேராக வரும். கத்தரிக்கோல் பிடிக்கும்போது வெட்ட வேண்டிய வழியில் பசையால் மேட்டுக்கோடு போட்டுக் காயவைத்தால், இடது கை விரல் அதைத் தொட்டுக்கொண்டே முன்னே போகும், கத்தரி பின்னால் வரும். முனை மழுங்கிய கத்தரி போதும். கத்தரியைக் கைமாற்றும்போது மூடிய முனை உங்கள் பக்கம் இருக்கட்டும்.

ஒட்டுமுன் எல்லாத் துண்டையும் தாளில் பசை இல்லாமலேயே அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பசை தடவிய பிறகு இடம் மாற்றுவது சங்கடம். பசையைத் துண்டில் தடவுவதைவிடத் தாளில் தடவுவது சுலபம், ஈரமான இடத்தை விரலே கண்டுபிடித்துவிடும்.

படி 9: வண்ணம்

நிறம் தெரியாத குழந்தைக்கு வண்ணம் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். சட்டை நிறம், பேனா நிறம், பழத்தின் நிறம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் உலகத்தில்தான் அவர்களும் இருக்கிறார்கள். "சிவப்பு சூடு, நீலம் குளிர்ச்சி" என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நீலச் சுவாலை சிவப்பைவிடச் சூடு என்று ஒருவன் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? எந்தெந்தப் பொருள் என்ன நிறம், எது எதோடு சேர்ந்தால் எடுப்பாக இருக்கும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள், இந்தத் தகவலைக் கொடுங்கள். தேர்வை அவர்களிடம் விடுங்கள்.

வண்ணங்களை அடையாளம் காண, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு தொடுகுணம் கலக்கலாம். மஞ்சளில் மணல், பச்சையில் மரத்தூள், நீலம் வெறுமனே வழவழப்பாக. எது எதற்கு என்று தீர்மானித்தால் மாற்றாதீர்கள். கிரேயானில் பிரெய்ல் ஒட்டுங்கள், அல்லது ஒரு வெட்டு, இரண்டு வெட்டு என்று கத்தியால் நீங்களே குறி போட்டுக் கொடுங்கள். வாசனை சேர்க்கச் சொல்பவர்கள் உண்டு. சின்னக் குழந்தைகள் நல்ல வாசனை வந்தால் வாயில் வைத்துவிடுவார்கள், எனவே நான் சேர்ப்பதில்லை. வாயில் பட்டாலும் தீங்கு செய்யாத வண்ணம் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

அர்மகானிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: முதலில் மேடு தெரியும்படி வெளிக்கோட்டைக் கீறிக்கொள்கிறார், ஒரு நிறம் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்த நிறத்தைத் தொடுகிறார். பிள்ளைகளின் வண்ண வேலை சேறாகிப் போவதற்குப் பெரும்பாலும் அவசரம்தான் காரணம். பசையால் கோடு போட ஒரு வாரம், ஒரு நிறத்துக்கு ஒரு வாரம் என்று நீட்டுங்கள். கோட்டு மேடு விரலுக்கு வேலியாக நிற்கும், வண்ணம் தாண்டாது. தாண்டினாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

குறைபார்வை உள்ள குழந்தைகள் தாளில் மூக்கு இடிக்கக் குனிந்து வரைவார்கள். கண் கெட்டுவிடும் என்று தடுக்க வேண்டாம், பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால் கண் கெடாது. கழுத்துதான் வலிக்கும். சாய்வுப் பலகை ஒன்று வைத்தால் தாளே முகத்துக்கு வந்துவிடும்.

படி 10: மற்ற பிள்ளைகளோடு ஒரே வகுப்பில்

பார்வையுள்ள முப்பது பேருக்கு நடுவில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், அதற்கு மட்டும் தனி வேலை கொடுத்து மூலையில் உட்கார வைக்காதீர்கள். எல்லோருக்கும் களிமண், எல்லோருக்கும் ஒட்டுப்படம் என்று வையுங்கள். கரும்பலகையில் எழுதுவதையும் வரைவதையும் வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், பின்வரிசைக்கும் அது உதவும். பக்கத்தில் உட்காரும் நண்பனுக்கு ஒரே ஒரு விதி: கேட்டால் சொல்லலாம், வாங்கிச் செய்து கொடுக்கக் கூடாது.

உங்களுக்கும் அதே விதிதான். பெற்றோர் வரும் நாளில் "கொஞ்சம் அழகாக்கி" விட நம் கை பரபரக்கும். வரைந்த குழந்தை அதைத் தடவியதும் கண்டுபிடித்துவிடும். "இதை யார் தொட்டது?" என்று கேட்டபோது பதில் சொல்ல முடியாமல் ஒரு தடவை நின்றேன்.

பாராட்டும்போது "சூப்பர்" என்பதோடு நிறுத்தினால் அந்தக் குழந்தைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள்: "மேலே கோடெல்லாம் நெருக்கமாக இருக்கு, கீழே வர வரக் காலியா விட்டிருக்கே. ஏன்?" பார்வையுள்ள குழந்தை தன் படத்தைத் தள்ளி வைத்துப் பார்த்து இதைத் தானே தெரிந்துகொள்ளும். இங்கே அந்தத் தள்ளி நிற்கும் கண் நீங்கள்தான்.

படி 11: காட்சிக்கும் பாதுகாப்புக்கும்

கண்காட்சி வைத்தால் படங்களைச் சுவரில் மாட்டுவதைவிட மேஜையில், குழந்தைகள் நின்றால் இடுப்பளவு உயரத்தில் படுக்க வையுங்கள். பெயரும் தலைப்பும் பிரெய்லிலும் பெரிய எழுத்திலும் இருக்கட்டும். தலைப்பைக் குழந்தையே சொல்லட்டும். வருகிறவர்கள் தொடத் தயங்குவார்கள், எனவே வாசலிலேயே கை கழுவ வைத்து உள்ளே அனுப்புங்கள். கழுவிய கையோடு சும்மா நிற்க யாருக்கும் மனசு வராது.

முடிந்த பிறகு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேலே புத்தகமும் வைத்துவிட்டால் மேடெல்லாம் நசுங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓரத்தில் தடித்த சட்டம் ஒட்டிய அட்டையை வையுங்கள். களிமண் வேலைகளைப் பஞ்சோடு பெட்டியில் போடுங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தனி ஃபைல், ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதி. வருடத்துக்கு இரண்டு தடவையாவது அந்த ஃபைலைக் குழந்தையின் கையிலேயே கொடுத்து விட்டுவிடுங்கள். போன வருடம் இலையைச் சுற்றி வரைந்த தாளை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்த ஏழு வயதுக்காரி, "இது நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப வரைஞ்சது" என்று சொல்லிவிட்டு, அதிலேயே ஒரு காம்பு வரைந்து சேர்த்தாள்.